வானோடிப் பணிக்கு நேர்முகத் தேர்வு

(பழைய மாணவரும் பயிற்றப்பட்ட தமிழாசிரியருமான ஒருவர், அக்கராயன்)

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் எழுதியபோது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நம் பழைய மாணவருட் பொறியியலாளர் பலர் உளர். விமானத் துறையிற் பணிபுரிவோரும் சிலர் உளர். அவர்கள் முன்னிலையிலே, விமானம் ஓட்டும் வேலைக்கு நடைபெறும் நேர்முகத் தேர்வைப்பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாம். நகைப்போர் நகைக்க. சென்ற ஓராண்டாக இப்பொருள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அத்தகைய தேர்வொன்றில் ஓர் இளைஞன் தவறியதற்குக் காரணமானவர்களுள் நானும் ஒருவன் என்பதே அதற்குக் காரணம்.

அவன் அக்கராயனிற் பிறந்தவன். ஆறாம் வகுப்பு முதல் என்னிடம் தமிழ் கற்றவன். தந்தையார் கமக்காரர். குளத்தின்கீழ் இருந்த வயலில் ஒரு பங்கை விற்றும், வெளிநாட்டிலிருக்கும் தாய்மாமனிடம் கடன்பட்டும் மகனை இரத்மலானைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அவனும் வீண்பொழுது போக்கினானல்லன். வர்த்தக விமானி உரிமத்துக்கு வேண்டிய 200 மணிநேரப் பறப்பை நிறைவு செய்தான். ஒன்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களையுடைய விமானத்தை ஓட்டுவதற்கும், வெளியே ஒன்றும் புலப்படாத வேளையிற் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கும் வேண்டிய தகுதிகளையும் பெற்றான். பின்னர் ஒரு நிறுவனம் அவனைத் துணை விமானிப் பணிக்கான தேர்வுக்கு அழைத்தது. நிறுவனம் எதுவென்பது ஈண்டு வேண்டுவதன்று. எழுத்துத் தேர்விலே தேறினான். பாவனைப் பொறியிலே ஓட்டிக் காட்டியதிலும் குறையில்லை. மூவர் அமர்ந்து வினாவிய நேர்முகத்திலே தவறிவிட்டான்.

ஊருக்கு வந்தவன் ஒருநாள் மாலை என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். கேட்ட வினாக்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னான். விமானத்தின் இறகு எப்போது தன் ஏற்றத்தை இழக்கும், இடிமுகிலை எத்துணைத் தூரத்தில் விலகிச் செல்லல் வேண்டும், ஓடுபாதையில் நீர் நிற்கும்போது சில்லு ஏன் பிடிமானம் இழக்கும் என்பனவற்றுக்கெல்லாம் செவ்வையாக விடையிறுத்திருக்கிறான். பின்பு முதிய விமானி ஒருவர், “உமக்கு மேலான ஒருவருடைய முடிவை நீர் மறுத்துரைத்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லும்” என்று கேட்டாராம்.

“நீ என்ன சொன்னாய், தம்பி?” என்றேன்.

“பெரியவர்களை நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை, என் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னை அப்படித்தான் வளர்த்தார்கள் என்று சொன்னேன், சேர்.”

அதனைச் சொல்லும்போது அவன் முகத்திலே பெருமிதமே இருந்தது. அவ்விடையைக் கேட்டதும் மூவரும் எழுதுவதை நிறுத்திவிட்டனர் என்றும், அதன்பின் அதிகம் வினாவவில்லை என்றும் கூறினான். ஏன் என்பது அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும் அன்றிரவு விளங்கவில்லை. மறுநாள் தொடங்கிக் கிடைத்த நூல்களையும் விபத்து விசாரணை அறிக்கைகளையும் ஆங்கில அகராதியும் கையுமாக இருந்து படிக்கலானேன்.

1977 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் நாள், கனேரித் தீவுகளுள் ஒன்றாகிய தெனரீபிலே, மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. இறந்தோர் 583 பேர். விமான வரலாற்றிலே இதனினும் கொடிய விபத்து இன்றுவரை நிகழ்ந்ததில்லை. ஒல்லாந்து விமானத்தின் தலைமை விமானி மிக்க அனுபவமுடையவர். பிற விமானிகளுக்குப் பயிற்சியளிப்பவர். மேலெழும்ப அனுமதி கிடைத்துவிட்டதென எண்ணி அவர் விமானத்தை ஓட்டத் தொடங்கினார். அனுமதியோ கிடைத்திருக்கவில்லை. மற்றை விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்ற ஐயம் அவருக்குப் பின்னால் இருந்த பறப்புப் பொறியியலாளருக்கு எழுந்தது. அவர் கேட்கவும் செய்தார். விலகிவிட்டது எனத் தலைமை விமானி உறுதியாகச் சொல்லவே, அவர் மேற்கொண்டு ஒன்றும் கூறாது இருந்துவிட்டார். சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. “நிறுத்துங்கள்” என்னும் ஒரு சொல் அவருடைய நாவிலே தடைப்பட்டு நின்றது. தடுத்தது யாது? மேலோன்மேல் வைத்த மதிப்பு என்றே நான் கருதுகிறேன்.

இவ்விபத்தும் இதுபோன்ற வேறு சிலவும் விமான உலகின் கண்களைத் திறந்தன. 1979 இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசா கூட்டிய கருத்தரங்கொன்றிலிருந்து, விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசவேண்டும் என்பதே தனியொரு பயிற்சியாக வளர்ந்தது. கீழ்நிலையிலுள்ளவன் அஞ்சாது சொல்லவும், மேல்நிலையிலுள்ளவன் சினவாது கேட்கவும் பயிற்றுவிக்கிறார்கள். அதன் பயன் 1989 ஜூலை 19 இல் அமெரிக்காவின் சூ சிற்றி நகரிலே காணப்பட்டது. நீரழுத்த இயக்கமுறைகள் யாவும் அற்றுப்போன பெருவிமானமொன்றை, அல் ஹேன்ஸ் என்னும் தலைமை விமானி, தம் குழுவினருடைய சொல்லையும், பயணியாக வந்த இன்னொரு விமானியின் கைத்துணையையும் ஏற்றுத் தரைக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்த 296 பேரில் 184 பேர் உயிர்தப்பினர்.

ஆகவே, அம்முதிய விமானி கேட்ட வினா பண்பாட்டைச் சோதிக்க எழுந்த வினாவன்று. தம் அருகிலே நாளை அமரப்போகும் இளைஞன் தம் பிழையைத் தமக்குச் சொல்வானா என்று அறிய விரும்பினார். ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று நம் பிள்ளை விடை பகர்ந்துவிட்டான்.

அவ்விடையை அவனுக்குக் கற்பித்தவன் நான். வகுப்பிலே கரும்பலகையில் நான் எழுதிய ஓர் எழுத்துப் பிழையை ஒருமுறை அவன் சுட்டிக் காட்டியதும், “இருந்து எழுது” என்று நான் அதட்டியதும் இப்பொழுது நினைவுக்கு வருகின்றன. பிழை என்னுடையதே. அடுத்த பாடவேளையில் ஒருவரும் காணாதபடி அதனைத் திருத்திக்கொண்டேன். இதனிலும் நாணத்தக்கது வேறொன்றுண்டு. திருக்குறளிலே அமைச்சு என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். அரசன் தானும் அறியாது பிறர் சொல்லும் அறிவையும் தள்ளுவானாயினும், அருகிலிருப்பவன் அவனுக்கு உறுதியானதை எடுத்துச் சொல்லுதல் கடமை என்று வள்ளுவர் அங்கே கூறியிருக்கிறார். பதவுரை சொன்னேன், பொழிப்புரை சொன்னேன், பரிமேலழகர் உரையையும் எடுத்துக் காட்டினேன். அது துணை விமானிக்கு மட்டுமன்றி, என் வகுப்பிலிருந்த சிறுவனுக்கும் உரியதென்பது என் கருத்திற் படவில்லை.

பணிவு வேண்டாமென்று நான் சொல்கிறேனல்லேன். வன்னியிலே பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அது நம் செல்வம். பணிந்த சொல்லாலேயே மறுக்கவும் இயலும். “ஐயா, நாம் குறித்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டோம்” என்னும் வாக்கியத்திலே “ஐயா” இருக்கிறது, செய்தியும் இருக்கிறது. செய்தியை விழுங்கிவிட்டு “ஐயா” என்பதை மட்டும் வைத்துக்கொள்வதே தீது.

நிற்க. நம் பிள்ளைகள் இத்தகைய தேர்வுகளில் தவறும்போதெல்லாம் “ஆங்கிலம் போதாது” என்றொரு காரணம் சொல்லப்படுகிறது. அது முழுப் பொய்யன்று. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானிகளின் மொழித்திறனை ஆறு படிகளாக வகுத்துள்ளது. சர்வதேசப் பறப்புக்கு நான்காம் படியேனும் எய்தியிருத்தல் வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், தடையின்மை, கேட்டுணர்தல், உரையாடல் என்னும் ஆறும் நோக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் ஆங்கிலேயனைப்போல நாவை வளைத்துப் பேசவேண்டுமெனக் கேட்கவில்லை. சொல்வது கேட்போனுக்கு ஐயமற விளங்கவேண்டும் என்பதே கருத்து.

1990 ஜனவரி 25 ஆந் திகதி இரவு, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற ஒரு விமானம் நெடுநேரம் வானிலே காத்திருக்க வைக்கப்பட்டு, எரிபொருள் முற்றும் தீர்ந்து வீழ்ந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். எரிபொருள் குறைகிறதென்று விமானத்தார் சொல்லாமலில்லை; முன்னுரிமை வேண்டுமென்றும் கேட்டிருந்தனர். ஆனால் “அவசரநிலை” என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லை அவர்கள் சொல்லவில்லை. அச்சொல்லைச் சொல்லியிருந்தால் மற்றை விமானங்களையெல்லாம் விலக்கி வழி கொடுத்திருப்பர். உரிய இடத்தில் உரிய சொல் என்று நாம் யாப்பிலும் அணியிலும் பேசுகிறோமே, அதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தெனரீபின் பின்னர் இன்னொரு வழக்கமும் உறுதியாயிற்று. கோபுரத்திலிருந்து வரும் கட்டளையை விமானி வெறுமனே “சரி” என்று ஏற்கக்கூடாது. அதனை அப்படியே திருப்பிச் சொல்லல் வேண்டும். இதை அவன் எனக்கு விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களூரிலே சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறை சொல்லப்படும்போது, எந்த வாய்க்கால், எந்த நாள், எத்தனை மணிக்குத் துருசு திறக்கப்படும் என்பதைத் திருப்பிச் சொல்லிவிட்டே கமக்காரன் வீட்டுக்குப் போவான். தவறாகக் கேட்டால் பயிர் கருகும் என்பது அவனுக்குத் தெரியும். இவனுடைய தந்தையார் நாற்பது ஆண்டுகளாக அதனையே செய்து வருகிறார். வன்னியிலே “வான்” என்றாற் குளம் நிறைந்து வழியும் இடமும் அதுவே, ஆகாயமும் அதுவே. தந்தை ஒரு வானைக் காத்தவர். மகன் மற்றை வானுக்குப் போகிறான்.

என் அபிப்பிராயம் இது: தாய்மொழியிலே ஒரு நிகழ்ச்சியை முதல், இடை, கடை பிறழாமற் சொல்லப் பழகாதவன், ஆங்கிலத்திலும் அதனைச் சொல்லமாட்டான். நேர்முகத்திலே கேட்கப்படும் வினாக்களிற் பாதி, “இவ்வாறு நேர்ந்தபோது நீர் என்ன செய்தீர்” என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வேண்டியது, நிலைமை யாது, என் பொறுப்பு யாது, நான் செய்தது யாது, விளைந்தது யாது என்று ஒழுங்குபடச் சொல்லும் ஆற்றல். நம் பாடசாலைகளிலே கட்டுரை எழுதுவிக்கிறோம். “நான் ஒரு பேனா” என்றும் “மழைநாள்” என்றும் எழுதுவிக்கிறோம். பிள்ளை தான் செய்த ஒரு காரியத்தை இரண்டு நிமிடங்களிற் சொல்லுமாறு நாம் கேட்பதேயில்லை. கேட்டாலும், நாம் எதிர்பார்க்கும் விடையையே எதிர்பார்க்கிறோம்.

பிழையை அறிந்தபின் இருவரும் சனிக்கிழமைதோறும் பிற்பகலிற் பாடசாலை மண்டபத்தில் இருந்து பயிற்சி செய்தோம். நான் மேசைக்கு அப்பால் இருப்பேன். அவன் கதவைத் தட்டி உள்ளே வருவான். முதலிலே தமிழிற் சொல்லச் செய்தேன். பொருள் தெளிந்தபின் ஆங்கிலத்திற் சொல்லச் செய்தேன். விமான நுட்பங்கள் எனக்குத் தெரியாதாகையால், அவனே எனக்கு ஆசிரியனானான். மேலெழும்பும் ஓட்டத்தில் “வீ-ஒன்று” என்னும் ஒரு வேகம் உண்டு. அதனைக் கடந்தபின் ஓர் இயந்திரம் செயலிழந்தாலும் நிறுத்த முயலாது மேலெழுந்தே தீரவேண்டும். இதனை எனக்கு விளங்கும்படி சொல்ல அவனுக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரத்திற் பாடப்புத்தகத்தை ஒப்புவித்தான். மூன்றாம் வாரத்தில் விளக்கினான். நேர்முகக் குழுவினர் இவ்விரண்டையும் வேறு பிரித்தறிய வல்லவர் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு குறையையும் கண்டேன். தெரியாத வினாவுக்கு அவன் சுற்றிவளைத்து ஏதேனும் சொல்லிவந்தான். பரீட்சைத் தாளில் வெற்றிடம் விடாதே என்று நாம் புகட்டிய பாடம் அது! வானத்திலே தெரியாததைத் தெரிந்ததுபோற் சொல்பவனை எவன் நம்புவான்? “இது எனக்குத் தெரியாது, இன்ன நூலிற் பார்த்து அறிவேன்” என்று சொல்லப் பழக்கினேன். அச்சொல் அவன் வாயில் வர எடுத்த பாடு, வீ-ஒன்றுக்கு எடுத்த பாட்டினும் பெரிது. பறப்புக் குறிப்பேட்டிலே ஒருமுறை தேர்வில் தேறாது மீண்டும் தோற்றியது பதிவாகியிருந்தது. அதனை மறைக்க வழியில்லை, மறைக்கவுங் கூடாது. ஏன் தவறினான், என்ன திருத்திக்கொண்டான் என்று தானாகவே சொல்லும்படி செய்தேன்.

“ஏன் விமானியாக விரும்பினீர்?” என்னும் வினாவிலேயே நாங்கள் அதிக காலம் தங்கினோம். “சிறு வயது முதல் பறவைகளைப்போற் பறக்க ஆசைப்பட்டேன்” என்று முதல் நேர்முகத்திற் சொல்லியிருக்கிறான். யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்த விடை. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அக்கராயனிற் பிறந்த பிள்ளை, அதுவும் 2000 ஆம் ஆண்டிற் பிறந்த பிள்ளை, விமானத்தைக் கண்டு பறவையை நினைத்தானா? எங்கள் பிள்ளைகள் எழுத்தறியுமுன்னே ஓசையறிந்தவர்கள். தொலைவிலே இரைவது கிபிரா, வானிலே ஓயாது சுற்றும் வண்டா என்று ஐந்து வயதிற் சொல்லக்கூடியவர்கள். வண்டென்பது ஆளில்லாத வேவு விமானத்துக்கு எங்கள் மக்கள் இட்ட பெயர். ஓசை கேட்டதும் பதுங்குகுழி. ஓசை போனதும் வகுப்பு. 2008 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது இவனுக்கு எட்டு வயது.

“உண்மையைச் சொல், தம்பி. எப்பொழுது ஆசை வந்தது?” என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தான். 2019 ஆம் ஆண்டின் இறுதியில், பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட சில வாரங்களின்பின், காங்கேசன்துறையிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தானாம். சென்னையிலிருந்து வந்த விமானம் தாழ்ந்து இறங்கிற்று. வீட்டுக்காரர் வேலியோரத்தில் நின்று கையசைத்தனர். அம்மம்மா மட்டும் தன்னையறியாமலே அவனுடைய கையைப் பிடித்துக் கீழே இழுத்தாராம். பிறகு விட்டுவிட்டுச் சிரித்தாராம். “ஓடாமல் நின்று நான் பார்த்த முதல் விமானம் அதுதான், சேர். அதற்குள்ளே இருந்து ஓட்டுபவன் நானாக இருக்கவேண்டுமென்று அப்போது நினைத்தேன்.”

இதனை நேர்முகத்திற் சொல்லலாமா? எம்முள் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. நண்பர் ஒருவர் கூடாது என்றார். போரின் பேச்சே வேண்டாம் என்றார். பிறந்த ஊரைக்கூட யாழ்ப்பாணம் என்று பொதுவாக எழுதிவிட்டாற் போதும் என்றார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்லே. எனினும் எனக்கு உடன்பாடில்லை. ஊர்ப் பெயரை மறைத்துக்கொண்டு நுழைபவன், நாளை உயரமானியிலே காணும் எண்ணையும் மறைக்கத் துணிவான். இரக்கத்தை வேண்டி அழுது சொல்வதும் தவறு. இரண்டு வாக்கியத்தில், குரல் மாறாது, உள்ளதைச் சொல்லிவிட்டு நிறுத்து என்றேன். அதனைப் பயிலப் பல சனிக்கிழமைகள் சென்றன. குரல் மாறாதிருப்பதுதான் கடினமாக இருந்தது, அவனுக்கும் எனக்கும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். வயலை விற்குமுன் முதல்தர மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். நிறங்களைப் பிரித்தறியும் பார்வையிலோ, செவியிலோ, இருதயத்திலோ குறையிருந்து, பாதிப் பணம் செலவான பின்னர் அது தெரியவந்தால் யாரை நோவது? மூக்குக்கண்ணாடி அணிபவன் விமானியாக முடியாதென்று ஊரிலே ஒரு கதை உலவுகிறது. அது பிழை, கண்ணாடியால் உரிய அளவுக்குத் திருத்தப்படும் பார்வை ஏற்கப்படும். உரிமம் கையிலிருந்தாலே வேலை கிடைத்துவிடும் என்பதும் பிழை. 200 மணிநேரத்தோடு வருபவன், 1,500 மணிநேரம் பறந்து தலைமை விமானிக்குரிய உரிமத்தைப் பெறும்வரை நெடுங்காலம் மற்றவர் அருகிலிருந்தே கற்கவேண்டியவன். இடையிலே வேலையின்றிக் காத்திருக்கும் ஆண்டுகளும் உண்டு. அக்காலத்துச் செலவையும் எண்ணிக்கொண்டே இறங்குக.

எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பறப்பு 1947 டிசம்பர் 10 இல் நடைபெற்றது. “சீதாதேவி” என்று பெயரிடப்பட்ட டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையிலே இறங்கிப் பின் சென்னைக்குச் சென்றது. இலங்கையின் முதல் வானூர்திச் சேவையே நம் வடபுலத்தைத் தொட்டுத்தான் தொடங்கிற்று. இவ்வளவு அருகிலே ஓடுபாதை இருந்தும், வன்னிப் பிள்ளைக்கு நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று சொல்ல ஆளில்லை. கொழும்பிலுள்ள பிள்ளைக்கு மாமனோ அயலானோ சொல்வான். எங்கள் பிள்ளைக்குத் தமிழாசிரியனும் அகராதியுமே துணை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உலகெங்கும் பரந்திருக்கும் நம்மவருள் விமானம் ஓட்டுவோர், விமானப் பொறியியலாளர், கோபுரத்திற் கட்டளை இடுவோர் எவரேனும் இருப்பின், மாதம் ஒரு மணிநேரம் தொலைபேசி வாயிலாக எங்கள் பிள்ளைகளை வினாவிச் சோதிக்க முன்வருக. பணம் வேண்டாம். கடுமையாகக் கேளுங்கள், பிள்ளை மறுத்துப் பேசினால் மகிழுங்கள். அவனுக்கு மீண்டும் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. வருகிற மாதம் போகிறான். பதினோராம் வகுப்பிலே அவனைப் பார்த்து இன்னும் இருவர், அவர்களுள் ஒருத்தி பெண்பிள்ளை, குறிப்புப் புத்தகம் கொண்டு வரத் தொடங்கியிருக்கின்றனர். சென்ற வாரம் அப்பெண் என் ஆங்கில உச்சரிப்பிலே இரண்டு பிழைகளைத் திருத்தினாள். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குமேல் நாங்கள் மண்டபத்தில் இருப்போம்.